வலப்பக்கம் யாருமில்லை

எதிரணியின் டாங்க் குருவியின் கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்தது. தலைக்கு மேல் சிவப்பு அடையாளம், பக்கத்தில் தூரம், எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் அணியின் மூன்றாவது ஆளான டெய்லரின் திரையிலும் தெரிந்தது. "வலப்பக்கம்! தண்டவாளத்துக்கு மேல! பெரிய ஆளு!" என்று அவர் மைக்கில் கத்தினார். அவள் அண்ணனின் பீரங்கியில் குண்டு ஏற்றித் தயாராக இருந்தது. ஆனால் அண்ணன் சுடவில்லை.

"எங்கய்யா? வலப்பக்கம் யாருமில்லையே" என்றான்.

அந்த 'யாருமில்லை' அடுத்த நொடி அவன் விலாவில் ஒரு குண்டை இறக்கியது. அண்ணனின் டாங்க் புகைந்து நின்றது.

"சின்ன ஊசியில நூல் கோக்கிற ஆளு நீங்க. யானை வந்து நின்னா தெரியலையா?" என்றார் டெய்லர்.

"எனக்கு வரலைய்யா அது. நெட்டு கோளாறு."

கோளாறு ஏதோ ஒன்று இருந்தது. ஆனால் அது நெட்டில் இல்லை என்று குருவிக்குப் பட்டது. ஒரு முறை நடந்தால் நெட். ஞாயிறுதோறும் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

இந்த டாங்க் விளையாட்டை ஆடாதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கவனிக்கவில்லை, செத்தான், அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. இதில் மறைந்திருப்பது என்றால் சுவருக்குப் பின்னால் ஒளிவது மட்டுமில்லை. திறந்த வெளியில், உங்கள் மூக்குக்கு நேரே ஒரு டாங்க் நின்றுகொண்டிருக்கும். உங்கள் திரையில் அந்த இடத்தில் வெறும் புல்தான் காற்றில் ஆடும். எது தெரிய வேண்டும் என்பதை அங்கே உங்கள் கண் முடிவு செய்வதில்லை. எங்கோ இருக்கும் சர்வர் என்ற மையக் கணினி கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. உங்கள் டாங்க்குக்கு எத்தனை தூரம் பார்வை, எதிராளியின் உருவம் எவ்வளவு பெரிது, அவன் நகர்கிறானா நிற்கிறானா, நடுவில் புதர் உண்டா, இப்போதுதான் சுட்டானா என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 'தெரியலாம்' என்று விடை வந்தால்தான் அவன் உங்கள் திரையில் வரையப்படுவான். இல்லையென்றால் ஒரு நிழல்கூட விழாது. ஆனால் உங்கள் அணியில் ஒரே ஒருவர் பார்த்துவிட்டால் போதும். அவருடைய வானொலி வழியாக எல்லோர் திரையிலும் அவன் முளைத்துவிடுவான்.

குருவியின் வேலை அதுதான். அவள் ஓட்டுவது தகரப் பெட்டி மாதிரி ஒரு சின்ன டாங்க். ஓர் அடி வாங்கினால் தாங்காது. ஆனால் பார்வை தூரம் அதிகம். அதை முன்னே ஓட்டிப்போய்ப் புதருக்குள் ஒளித்துவைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்து எதிரிகளைக் 'கொளுத்துவாள்'. அவர்கள் அணியில் ஒருவனைத் தெரியவைப்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அண்ணன் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தான். வீட்டில் வைத்த பெயர் அதற்குப் பிறகு வங்கிக்கும் அலுவலகத்துக்கும் மட்டும்தான்.

அண்ணன் ஓட்டியது நீளமான பீரங்கி. அது புதருக்குள் இருந்து சுட்டால் அந்த வெடிப்பிலேயே புதரின் மறைவு போய்விடும். கொஞ்சம் பின்வாங்கி, புதருக்கு வெளியே நின்று சுட்டால் மறைவு போகாது. ஆனால் அப்படி நின்றால் அவனுக்கும் இலைதான் தெரியும். எதிரே இருப்பவர்களைத் தானாகப் பார்க்க முடியாது. வேறொருவர் அவனுக்காகப் பார்க்க வேண்டும். அண்ணன் இத்தனை வருடங்களாக அப்படித்தான் ஆடினான். குருவி பார்ப்பாள், அவன் அடிப்பான். "எனக்கு எதுக்குக் கண்ணு? என் கண்ணு முன்னாடி புதர்ல உக்காந்திருக்கு" என்று சிரிப்பான்.

அவர்கள் இருவரும் வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தார்கள். அவன் நகரப் பேருந்து ஓட்டினான். அவள் லிஃப்ட் பழுது பார்த்தாள். ஞாயிறு காலை அந்த விளையாட்டில்தான் அண்ணனும் தங்கையுமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

லிஃப்ட் வேலை அவளுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. கோளாறைத் தேடாதே, கோளாறு இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா. கடைசியில் மிஞ்சுவது எதுவோ அதுதான். எனவே கழித்தாள். வானொலி எட்டவில்லையா? டெய்லர் அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்றார், அவருக்கு எட்டியது. தூரம் அதிகமா? இல்லை. நெட்? அண்ணனின் டாங்க் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. கடைசியாக, ஒவ்வொரு ஆட்டத்தையும் விளையாட்டே பதிந்துவைக்கும் அல்லவா, அந்தப் பதிவுகளை அண்ணனிடமிருந்து வாங்கினாள்.

அதில் அவன் திரையில் தெரிந்தது அப்படியே இருந்தது. தண்டவாளத்துக்கு மேல் நின்ற அந்தப் பெரிய டாங்க், சிவப்பு அடையாளத்தோடு, திரையின் வலது ஓரத்தில் வரையப்பட்டிருந்தது. சர்வர் ஏமாற்றவில்லை. குருவி கொளுத்தியது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஓரத்தில் இருக்கும் சின்ன வரைபடத்திலும் சிவப்புப் புள்ளி மின்னியது. ஆனால் அவன் குறிவட்டம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதே பதிவில், கொஞ்சம் முன்னால், திரையின் நடுவே வெகுதூரத்தில் வந்த இன்னொருவனின் டாங்க் உச்சியில் இருந்த மூடியை, சுண்டைக்காய் அளவில் தெரிந்ததை, ஒரே குண்டில் அடித்திருந்தான்.

கண் கூர்மையாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன்?

விடை ஒரு மருத்துவமனை லிஃப்ட்டின் வாசலில் கிடைத்தது. அதன் கதவு மூடவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. கதவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாக ஓடும். நடுவில் யாராவது நின்றால் கதிர் தடைப்படும், கதவு திறந்துகொள்ளும். முழங்கால் உயரத்தில் ஒரு கதிர் செத்திருந்தது. அதனால் கதவு, அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். லிஃப்ட்டின் கண் கெட்டால், 'யாரோ இருக்கிறார்கள்' என்று சொல்லும்; நின்றுவிடும். யாருக்கும் அடி படாது.

கையில் ஸ்குரூடிரைவரோடு குருவி அப்படியே நின்றாள். மனுஷக் கண் கெட்டால் என்ன சொல்லும்?

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தன் திரைமேல் ஒட்டினாள். பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். அண்ணன் உடனே கவனித்த எதிரி எங்கே தோன்றினானோ அங்கே பச்சைப் புள்ளி. தோன்றியும் கவனிக்காத இடத்தில் சிவப்புப் புள்ளி. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. போகப்போக ஒரு வடிவம் வந்தது. நடுவில் ஒரு சின்னத் தட்டு அளவுக்குப் பச்சை. அதைச் சுற்றி நாலாபுறமும் சிவப்பு. ஒரு பச்சைகூட அந்தத் தட்டை விட்டு வெளியே போகவில்லை.

பார்வை போவது என்றால் இருட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அண்ணனுக்கு அங்கே இருட்டுத் தெரிந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பான். அவனுக்குப் புல் தெரிந்தது. கண் பார்க்காத இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து ஒட்டுப் போட்டு, சர்வர் மாதிரியே, வெறும் புல்வெளியாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஆட்டத்தில் தோற்பது பற்றி அவளுக்குக் கவலையில்லை. நாளைக் காலை அவன் பேருந்தை எடுப்பான். அதில் ஏறுகிறவர்களும், அதன் குறுக்கே வருகிறவர்களும், அவன் கண்ணில் சிவப்புப் புள்ளி விழும் இடத்திலும் நிற்பார்கள்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் அண்ணி.

"என்ன திடீர்னு? வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சிரித்தாள். "உங்கண்ணன் குளிக்கிறாரு. உக்காரு. அந்த ஸ்டூலை மட்டும் நடுவுல போட்டுடாத. நேத்துதான் அதுல இடிச்சுக்கிட்டு, என்னமோ ஸ்டூல்தான் வந்து அவர இடிச்ச மாதிரி அதைத் திட்டினாரு."

"அடிக்கடி இடிச்சுக்கறானா அண்ணி?"

"மனுஷன் நடந்தா வீடே அலறுது. தண்ணி கொடுத்தா டம்ளர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கேட்டா, வேலை அலுப்புங்கறாரு." கொஞ்சம் யோசித்தாள். "பஸ் கண்ணாடிகூட ரெண்டு தரம் உடைஞ்சுது. தெரு குறுகல்னாரு."

தெரு திடீரென்று குறுகியிருக்க முடியாது.

மத்தியானம் அவன் பேருந்திலேயே ஏறினாள். அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் முதல் இருக்கை. அவன் ஓட்டுவதைப் பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. அத்தனை பெரிய வண்டியை நிறுத்தத்தில் கல்லோரத்துக்கு ஒரு கை இடைவெளி விட்டு, தொட்டில் அசைவதுபோல் நிறுத்தினான். ஏறிய பெரியவர் ஒருவர், "உங்க வண்டின்னாதான் எனக்கு இடுப்பு வலிக்கறதில்லை" என்றார். அண்ணன் காது வரை சிரித்தான். ஆனால் தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டிருந்தான். இடம், வலம், இடம், வலம். முன்பு அப்படிச் செய்யமாட்டான். அவனுக்கே தெரியாமல் அவன் கழுத்து, கண் விட்டதைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது.

சந்தைத் தெரு முனையில் கழுத்து வலப்பக்கம் போயிருந்த நேரத்தில், இடப்பக்கம் நடைபாதையிலிருந்து ஒரு பெண் தள்ளுவண்டியோடு இறங்கினாள். வண்டிக்குள் குழந்தை.

"அண்ணா!"

பிரேக் கிறீச்சிட்டது. நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தப் பெண் தள்ளுவண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு கையை நீட்டித் திட்டினாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

டிப்போவுக்குள்ளேயே இருந்த கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். எஞ்சினை அணைத்த அண்ணன் இருக்கையிலிருந்து எழவில்லை.

"ஏன் அப்படிக் கத்தினே? எல்லாரும் பயந்துட்டாங்க."

"அந்தம்மாவைப் பாத்தியா?"

"பாத்தேன். அதான் பிரேக் போட்டேன்."

"நான் கத்தினதுக்கு அப்புறம் போட்டே."

"ரெண்டும் ஒரே நேரம்டி."

டாங்க் விளையாட்டில் தகட்டின் கனம் மட்டும் காப்பாற்றாது. குண்டு எந்தச் சாய்வில் வந்து தொடுகிறது என்பதும் இருக்கிறது. நேராக நின்றால் துளைத்துக்கொண்டு போகும் அதே குண்டு, டாங்கை லேசாகத் திருப்பி நிறுத்தினால் தகட்டில் சறுக்கி எங்கேயோ பறந்துவிடும். அண்ணன் அதில் மன்னன். பேச்சிலும் அப்படித்தான். நேராக வரும் கேள்விக்கு ஒரு சிரிப்போடு லேசாகத் திரும்பி நிற்பான். அன்று குருவி அவனைத் திரும்ப விடவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்து ஸ்டீயரிங் மேல் விரித்தாள். எது பச்சை, எது சிவப்பு என்று சொன்னாள்.

அவன் முதலில் சிரித்தான். "ஆட்டத்துல நாலு பேரைக் கோட்டை விட்டதுக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா? போன மாசம்தான் கண் டெஸ்ட் வச்சாங்க. கடைசி வரிசை வரைக்கும் படிச்சேன். 'இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா'ன்னு அவங்களே அசந்து போனாங்க."

"எழுத்துப் பலகை எங்கே இருந்துச்சு?"

"எதிர்லதான்."

"நடுவுல."

அவன் பார்வை தாளின் நடுவில் இருந்த பச்சைக்குப் போனது.

"அண்ணா, உன் டாங்க்ல உயிர்ப் புள்ளி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்னு வச்சுக்கோ. குண்டோட வேகம் குறையுமா?"

"குறையாது."

"எஞ்சின்?"

"அதுவும் முழுசா ஓடும். அடிபட்ட பாகம்தான் மக்கர் பண்ணும். உயிர் குறைஞ்சா ஒண்ணும் ஆகாது, கடைசிப் புள்ளி போற வரைக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"அப்ப அது சுடறதை மட்டும் பாத்தா, எவ்வளவு உயிர் போயிருக்குன்னு தெரியுமா? எழுத்துப் பலகை நீ சுடறதை மட்டும்தான்ணா பாத்துச்சு."

வெளியே இன்னொரு பேருந்து வந்து திரும்பியது. அதன் ஓட்டுநர் கையசைத்தார். அவர் போனது அண்ணனின் ஓரத்தில். அண்ணன் கையைத் திருப்பி அசைக்கவில்லை.

"விளையாட்டுல நம்மள எவனாவது பாத்துட்டா ஒரு பல்பு எரியும்ல?" என்றான் வேறு குரலில். "இதுக்கு ஒண்ணுமே எரியலையே குருவி. வலிக்கக்கூட இல்லையே."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். "வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். இன்னொரு டிரிப் வேண்டாம்."

அதைக் கேட்டதும் அவன் தோள் இறுகியது. "அடுத்த வாரம் போறேன். ஆள் மாத்தி விடணும்ல. இப்ப நான் இறங்கினா, திரும்ப ஏத்த மாட்டாங்க. உனக்குத் தெரியாது."

"தெரியும். அதனாலதான் இப்பவே."

"நான் பாத்துப் பாத்து ஓட்டறேன். இன்னும் மெதுவா ஓட்டறேன்."

"இல்லாத புல்லைப் பாத்து எப்படிண்ணா மெதுவா ஓட்டுவே? நீ எடுத்தா நான் மேலாளர்கிட்ட சொல்லிடுவேன்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நேராக, அந்தப் பச்சைத் தட்டின் நடுவில் அவளை வைத்து. "சொல்லு. போய்ச் சொல்லு. புதர்ல உக்காந்து எதிரியைக் காட்டிக் கொடுத்துப் பழகினவதானே? இன்னைக்கு என்னையே காட்டிக் கொடு. ஆனா அதுக்கப்புறம் அண்ணான்னு கூப்பிடாதே."

குருவி தலையில் பனங்காய் என்பார்கள். டெய்லர் அவளைக் கேலி செய்யும்போதெல்லாம் சொல்லும் பழமொழி அது. பேருந்தை விட்டு இறங்கி, டிப்போ முற்றத்தைக் கடந்து மேலாளர் அறைக்குப் போகும்வரை அந்தப் பனங்காயின் கனத்தை அவள் கழுத்து உணர்ந்தது. பின்னால் எஞ்சின் உயிர்பெறும் சத்தம் கேட்டது. நடையை ஓட்டமாக்கினாள்.

மேலாளர் நல்ல மனிதர். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஜன்னலுக்குப் போய் வாசலில் இருந்தவருக்குக் கைகாட்டி, கிளம்பப்போன பேருந்தை நிறுத்தினார். கீழே இறங்கிப் போய், அண்ணனின் முழங்கையைப் பிடித்துத் தானே இறக்கினார். யார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் முற்றத்தில் நின்ற அத்தனை ஓட்டுநர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சாவியை அவர் கையில் வைத்தான். குருவி இருந்த பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு வெளிச்சம் மினுங்கினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். குருவியும் அண்ணியும் கதவோரத்தில் நின்று கேட்டார்கள். ஆரம்பத்தில் பொத்தான் டக் டக்கென்று கேட்டது. அப்புறம் நீண்ட அமைதி. மறுபடி ஒரு டக். மறுபடி அமைதி. அந்த அமைதியில் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன என்பது அவர்களுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த படத்தைக் குருவி பார்த்தாள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு வளையம். இதை அவள் ஏற்கெனவே, வேறு நிறத்தில், வரைந்திருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறது. போனது போனதுதான், அதற்கு மருந்து இல்லை. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். படிக்கலாம், நடக்கலாம், வேறு வேலை பார்க்கலாம். வண்டி மட்டும் கூடாது.

"எந்த வண்டியும்?" என்று அண்ணன் கேட்டான்.

"எந்த வண்டியும்."

அதன்பின் ஞாயிறுகள் வந்தன, போயின. விளையாட்டில் அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. போன் செய்தால் எடுக்கமாட்டான். கிணற்றில் போட்ட கல். அண்ணியிடம்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

"மருந்து விட்டுக்கறாரு. அதுல குறை சொல்லக் கூடாது" என்பாள். "டிப்போவுல டைம் ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க. வண்டி போறதையும் வர்றதையும் சொல்ற வேலை. வேற யாராவது அவரோட பஸ்ஸை எடுக்கறப்ப சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடறாராம். 'கியரை இழுக்கறான், கியரை இழுக்கறான்'னு வீட்டுக்கு வந்து புலம்பறாரு."

"என்னைப் பத்தி ஏதாவது..."

"இல்லம்மா." அண்ணி ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள்.

குருவிக்கு ஒன்று தோன்றியது. அண்ணனிடம் இருந்தது பழைய, சின்னத் திரை. பெரிய திரையாக இருந்தால் எல்லாம் பெரிதாகத் தெரியுமே. கண் சரியில்லாதவர்களுக்கு நாம் செய்வது அதுதானே? பெரிய எழுத்து, பெரிய படம். கடையில் இருந்ததிலேயே அகலமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். உள்ளே ஒரு சீட்டு எழுதி வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். பெட்டி மட்டும் போனது.

அண்ணியின் குரல் அடுத்த முறை உடைந்திருந்தது. "ஆசையாத்தான் மாட்டினாரு. இத்தனை நாள்ல அன்னைக்குத்தான் அந்த நாற்காலியில உக்காந்தாரு. ஒரே ஒரு ஆட்டம். அணைச்சுட்டு எழுந்துட்டாரு. 'முன்னாடி பாதியாவது தெரிஞ்சுது, இப்ப அதுவும் இல்லை. என் தங்கச்சிக்கு என்னை அடிச்சது போதலை போல'ன்னாரு. தப்பா எடுத்துக்காத. வாய் தவறி வந்தது."

குருவி போனை வைத்துவிட்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் கோளாறு கண்டுபிடிப்பவள், தன் அண்ணனுக்கே ஒரு கோளாறை விலை கொடுத்து வாங்கி அனுப்பியிருந்தாள்.

அழுது முடித்த பிறகு பழக்கதோஷத்தில் கழிக்க ஆரம்பித்தாள். பெரிய திரையில் ஏன் இன்னும் குறைவாகத் தெரிய வேண்டும்? பழைய பிளாஸ்டிக் தாளை எடுத்தாள். பச்சைத் தட்டின் ஓரத்தில் கத்தரித்து, நடுவில் ஒரு ஓட்டை செய்து, சுற்றி மிஞ்சியதைக் கறுப்பு மையால் அடைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு தன் திரையைப் பார்த்தாள். ஓட்டைக்குள் ஆட்டக்களத்தின் நடு மட்டும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். ஓட்டைக்குள் இருந்த ஒரு வீடு பாதி வீடானது. பாதி வீடு ஒரு ஜன்னலானது. ஓட்டை வளரவில்லை. படம் வளர வளர, ஓட்டைக்குள் அடங்குவது குறைந்தது.

அப்படியானால்?

படத்தைச் சுருக்கினாள். வீடு முழுதாக உள்ளே வந்தது. தண்டவாளம் வந்தது. இன்னும் சுருக்கினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். வலது மூலையின் வரைபடமும் ஓட்டைக்குள் வந்துவிட்டது.

சாலையை இப்படிச் சுருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். சாலை அதன் அளவில்தான் கிடக்கும். தள்ளுவண்டியோடு இறங்குகிறவள் அவள் அளவில்தான் இறங்குவாள். அண்ணனுக்கு அவளால் திருப்பித் தர முடிவது இந்த ஒரு சின்னக் களம் மட்டும்தான்.

அண்ணிக்கு போனில் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். எங்கே அழுத்துவது, எதைக் குறைப்பது. "அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"வேற யார் சொல்லியிருப்பான்னு அவருக்குத் தெரியாதா என்ன?" என்றாள் அண்ணி.

அடுத்த ஞாயிறு காலை அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அணிக்குள் வந்தான். டெய்லர், "வாங்க வாங்க, எங்க போயிட்டீங்க? ஊசியெல்லாம் துருப் பிடிச்சுக் கெடக்கு" என்றார். அண்ணனின் மைக் திறந்திருந்தது, பின்னால் அண்ணி பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குருவியும் வாய் திறக்கவில்லை. அண்ணா என்று கூப்பிட அவளுக்கு அனுமதி இல்லை.

அவள் தன் தகரப் பெட்டியைப் பழைய புதருக்கே ஓட்டினாள். அண்ணனின் பீரங்கி வழக்கம்போல் பின்னால், இலைகளுக்கு அந்தப் பக்கம் நின்றது. தண்டவாளத்தின்மேல் ஒருவன் ஏறினான். குருவி அவனைக் கொளுத்தினாள். அண்ணனுக்கு அவன் வலது ஓரம். டெய்லர் வேறு பக்கம் இருந்தார். "வலப்பக்கம்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பீரங்கி மெல்ல வலப்பக்கம் திரும்பியது. நின்றது. வெடித்தது. தண்டவாளத்தின்மேல் புகை எழுந்தது.

ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அண்ணனின் குரல், பேருந்தில் முன்பின் தெரியாத பயணியிடம் பேசுவதுபோல், எந்தப் பெயரும் சொல்லாமல்:

"இவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன் வருவான். பாத்துச் சொல்லு."

"பாத்துச் சொல்றேன்" என்றாள் அவள். குருவி என்று அவன் கூப்பிடவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. புதருக்குள்ளிருந்து எதிரே பார்க்கத் தொடங்கினாள்.

அண்ணன் வீட்டில் செய்தது இவ்வளவுதான். ஆட்டத்தை முழுத் திரையில் ஓட்டாமல், ஒரு சாண் அகலத்துக்குச் சின்னப் பெட்டியாகச் சுருக்கி, அந்தப் பெரிய திரையின் நட்டநடுவில் வைத்தார்கள். சுற்றிலும் மிச்சமிருந்த இடத்தைக் கறுப்பாக விட்டார்கள். நாற்காலியை ஒரு கை நீளம் பின்னுக்கு இழுத்துப் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தால், களத்தின் நான்கு மூலைகளும் அவன் கண்ணில் மிச்சமிருக்கும் வட்டத்துக்குள் அடங்குகின்றன.